முந்தின நாள் வியாதி

சத்யப்பிரியாவுக்கு வயிற்றுவலி வந்தால் மறுநாள் பரீட்சை என்பதை அவள் அப்பா ராசாங்கம் நாட்காட்டியைப் பார்க்காமலே சொல்லிவிடுவான். தலைவலி என்றால் பள்ளிக்கூடத்தில் ஏதோ பேச்சுப்போட்டி. இரண்டும் சேர்ந்து வந்தால் அரசுத் தேர்வு. பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் பல்வலி வந்தது. பெரம்பலூர் பல் டாக்டர் டார்ச் அடித்து ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி பல்லு எனக்கே இல்லீங்க" என்று அனுப்பிவைத்தார். பல்வலியோடு எழுதி எழுபத்தெட்டு மார்க் வாங்கினாள். வலியில்லாமல் எழுதினால் எவ்வளவு வாங்குவாள் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்பதுதான் அவள் ஏற்பாடு என்பது ராசாங்கத்துக்கு அப்போது புரியவில்லை. பல் டாக்டருக்குக் கொடுத்த பணம் மட்டும்தான் புரிந்தது.

பதினொன்றாம் வகுப்புக்குப் போனதும் அவள் வியாதிகளை விட்டுவிட்டாள். அதைவிட மேலான ஒன்று கிடைத்துவிட்டது: வேலை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தால் நான்கு பேர் நம்புவார்கள், இரண்டு பேர் சிரிப்பார்கள். பரீட்சைக்கு முந்தின நாள் வெங்காயக் குவியலுக்கு முன்னால் கத்தியோடு உட்கார்ந்து தாள் அரிகிற பெண்ணைப் பார்த்து எவன் சிரிப்பான்? கையெடுத்துக் கும்பிடத்தான் செய்வான். "படிக்கிற புள்ள, இப்படி மாடா ஒழைக்குது பாரு" என்று தெருவே சொன்னது. மார்க் குறைந்தால் வெங்காயத்தால் குறைந்தது. மார்க் வந்தால் வெங்காயத்தையும் மீறி வந்தது. எப்படிப் பார்த்தாலும் அவளுக்கு நட்டமில்லாத வெள்ளாமை அது. ராசாங்கம் இருபது வருடமாக விவசாயம் பார்த்தும் அப்படி ஒன்றை அவனால் போட முடிந்ததில்லை.

ஆள் வந்தால் அவள் பேசமாட்டாள். மின்சாரக் கணக்கெடுக்க வருகிறவர், "வீட்டுல யாரும் இல்லியா?" என்று கேட்டால் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு இல்லை என்பதுபோலத் தலையாட்டுவாள். கதவுக்குப் பின்னால் ஆட்டிய தலை அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் கல்லைப் பற்றிக் கேட்டால் பேசுவாள். காரை ஊர்ப் பக்கத்து ஓடைகளில் சுருட்டை சுருட்டையாகக் கிடக்கிற நத்தைக் கற்களைப் பொறுக்கிவந்து சாமி மாடத்தில் அடுக்கி வைத்திருந்தாள். இந்த ஊரெல்லாம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்று சொன்னாள். "இப்பவும் இருந்திருந்தா போர் போடுற செலவு மிச்சம்" என்றான் ராசாங்கம். கடல் தண்ணி உப்பு என்று அவள் பொறுமையாக எடுத்துச் சொன்னாள்.

பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிய ஜூன் மாதம் வகுப்பு டீச்சர் அவளைக் கேட்காமலே ஒரு பெயர்ப்பட்டியலில் அவளைச் சேர்த்துவிட்டார். அரியலூரில் ஓர் அறக்கட்டளை பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலிருந்தும் பத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துக் கல்லூரிப் படிப்பு முழுக்கப் பார்த்துக்கொள்ளும். தமக்குப் பிடித்த விஷயத்தைப் பற்றி ஐந்து நிமிடம் மூன்று பேர் முன்னால் நின்று பேச வேண்டும், அவ்வளவுதான். கல்லைப் பற்றிய படிப்பு திருச்சியில் இருக்கிறது. ராசாங்கத்தின் ஒன்றரை ஏக்கர் வரும்படியில் திருச்சிக்கு பஸ் டிக்கெட் மட்டும்தான் உண்டு, விடுதியும் படிப்பும் கிடையாது. இந்தப் பத்தில் ஒன்றாக வந்தால் அவள் போவாள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் இதே நேரம் இதே குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள்.

பள்ளிக்கூடத்துக்கு மாதம் ஒருமுறை ஆலோசனை சொல்ல வருகிற சுகன்யா என்கிற மேடம் ராசாங்கத்தைக் கூப்பிட்டுவிட்டார். சின்ன வயது. ராசாங்கம் நாற்காலியின் நுனியில், பாதி பூமிக்கும் பாதி மரியாதைக்குமாக உட்கார்ந்தான்.

"ஒங்க பொண்ணு ஓடறதுக்கு முன்னாடி தன் கால்ல தானே கயித்தக் கட்டிக்குதுங்க" என்றார் சுகன்யா. "தோத்தா கயிறு தோத்துச்சு. ஜெயிச்சா கயித்தோட ஜெயிச்சுச்சு. அவ எவ்வளவு தூரம் ஓடுவான்னு யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது. தெரிஞ்சுட்டா என்ன பண்றதுன்னு பயம்."

"இதெல்லாம் யாருகிட்ட கத்துக்கிச்சுன்னே தெரியலீங்க மேடம்."

"வெங்காயம் போட்டிருக்கீங்கல்ல. எப்படி இருக்கு?"

"ஏதோ கெடக்குதுங்க. திருகல் நோய் வேற."

"நெசமாவே நோயா?"

ராசாங்கம் யோசித்தான். "ஒரு ஓரமா நாலு செடிக்கு இருக்குங்க."

"நல்லா வெளைஞ்சிருந்தா என்ன சொல்லுவீங்க?"

"இதையேதான் இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுவேன். கண்ணு பட்ருமில்லீங்களா?"

சுகன்யா சிரிக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ராசாங்கத்துக்கு உறைத்தது. உறைத்ததும் வெளியே நின்ற வண்டிக்கு வெயில் படுகிறதா என்று எட்டிப் பார்த்தான்.

போகும்போது மூன்று விஷயம் சொல்லி அனுப்பினார். அவளை அறிவாளி, கெட்டிக்காரி என்று புகழக் கூடாது. என்ன முயற்சி செய்தாள் என்று கேட்க வேண்டும். வலிக்கிறது என்றால் வலிக்கவில்லை என்று சண்டை போடக் கூடாது. வலியோடேயே போய்வா என்று சொல்ல வேண்டும். பேச்சை முதலில் ஒருவர் முன்னால், பிறகு இருவர், பிறகு ஐவர் முன்னால் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். ராசாங்கம் தலையாட்டினான். பூச்சிமருந்துக் கடைக்காரர் டேங்க்குக்கு எத்தனை மூடி என்று சொல்லும்போதும் அவன் இப்படித்தான் தலையாட்டுவான். வயலுக்கு வந்ததும் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு மூடி கூடுதலாக ஊற்றுவான்.

கூடுதல் மூடி இதுதான்: அன்றைக்கே அவளை வீட்டு வேலையிலிருந்து விலக்கிவைத்தான். விளக்குமாற்றைத் தொடக்கூடாது, மாட்டுக்குத் தண்ணி காட்டக்கூடாது, வெங்காயத்தின் பக்கமே தலைவைக்கக் கூடாது.

மனைவி மலர்க்கொடி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். "அப்ப யாரு செய்யறதுங்க?"

"நான் செய்யறேன்."

"நீங்களா? நாளைக்கி ஒங்களுக்கு இடுப்புவலி வரும். அதுக்கு நான் ஒத்தடம் குடுக்கணும். அதையும் சேத்து யாரு செய்யறதுன்னு கேக்கறேன்."

இடுப்புவலி மூன்றாம் நாள்தான் வந்தது. அதற்குள் சத்யப்பிரியாவுக்கு எழுத்து இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. சண்டை போடக் கூடாதே, பெரம்பலூருக்குக் கூட்டிக்கொண்டு போனான். கண் டாக்டர் கண்ணாடி தேவையில்லை, பார்வை நன்றாக இருக்கிறது என்றார். அதைக் கேட்டு அவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். கண் நன்றாக இருப்பதற்காக அந்த ஆஸ்பத்திரியில் அழுத முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும். பக்கத்தில் கண்புரைக்குக் காத்திருந்த பெரியவர், "பாவம், பார்வை போயிருச்சாட்டம் இருக்கு" என்றார்.

பேச்சுப் பழக்கமும் நடந்தது. ஒருவர் முன்னால் என்றதும் ராசாங்கம் மாட்டிலிருந்து தொடங்கினான். மாடு நல்ல ரசிகை. இடையில் கேள்வி கேட்காது. நான்கு நாள் மாட்டுக்கு முன்னால் கடல் வற்றிய கதையைத் தங்கு தடையில்லாமல் சொன்னாள். ஐந்தாம் நாள் அம்மா வந்து மாட்டுக்குப் பக்கத்தில் நின்றதும் கடல் பாதியிலேயே நின்றுபோயிற்று. "மாட்டுக்குச் சொன்னத எனக்குச் சொல்ல வரலியாடி?" என்று மலர்க்கொடிக்குக் கோபம். ராசாங்கம் சுகன்யாவுக்குப் போன் போட்டு, மாட்டையும் ஓர் ஆளாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான்.

போட்டி சனிக்கிழமை. வியாழக்கிழமை காலை அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இது மெய்யாகவே கட்டியிருந்தது. கரகரவென்று காற்றுதான் வந்தது. ராசாங்கம் பேனா தேடி அவள் புத்தகப் பையைத் துழாவினபோது அடியில் மூன்று ஐஸ் குச்சிகள் கையில் தட்டின. மூன்றையும் வரிசையாகத் தரையில் வைத்தான்.

"இது என்னா பாப்பா?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"ஒண்ணு தின்னா ஆசை. ரெண்டு தின்னா வெயிலு. மூணு எதுக்கு?"

காற்று மட்டும் வந்தது. ராசாங்கம் கத்தினான். என்ன கத்தினான் என்பதை எழுத வேண்டாம். மேடம் சொன்ன மூன்றையும் ஒரே மூச்சில் தலைகீழாகச் செய்து முடித்தான். உனக்கு இல்லாத அறிவா என்றான், ஒரு நோயும் இல்லை நடிக்கிறாய் என்றான், மூவர் முன்னால் ஐந்து நிமிடம் நிற்க முடியாதவள் எதற்குப் பிறந்தாய் என்றான். கடைசியில் சொன்னதை அப்போதே திரும்ப எடுத்துக்கொள்ளப் பார்த்தான். சொல் போய்விட்டிருந்தது. அவள் எழுந்து உள்ளே போனாள்.

கரும்புக் காட்டோரம் போய் நின்று போன் போட்டான். "எடுக்க எடுக்க மொளைக்குதுங்க மேடம். கோரை மாதிரி."

"நீங்க சாக்குகளை எடுத்துக்கிட்டே இருக்கீங்க. பயம் அப்படியேதான் இருக்கு" என்றார் சுகன்யா. "தோத்தா என்ன ஆகும்னு அந்தப் புள்ள பாத்ததே இல்ல. ஒங்க வீட்டுல யாராச்சும் ஒரு காரணமும் இல்லாம சும்மா தோத்துப்போனத அவ எப்பவாச்சும் கேட்டிருக்காளா?"

"எங்க வூட்டுல தோல்வியே கெடையாதுங்க மேடம்" என்றான் ராசாங்கம், பெருமையாகவே. "சந்தர்ப்பம் சரியில்லாம போனதுதான் உண்டு."

சொல்லிவிட்டுப் போனைக் காதில் வைத்தபடியே நின்றான்.

வெள்ளிக்கிழமை மதியம் பச்சைமலைப் பக்கமிருந்து மேகம் திரண்டது. பிடுங்கிக் காயப்போட்ட வெங்காயம் முழுக்கக் களத்தில் கிடந்தது. தாளை அரிந்து, வெங்காயம் சேமித்து வைக்கிற பட்டறையில் ஏற்றி மூடாவிட்டால் இரண்டே நாளில் அழுகல் வாடை வந்துவிடும். ஆளுக்குச் சொல்லியனுப்பினால், அன்றைக்குப் பார்த்து அத்தனை பேரும் எறையூர்ப் பக்கம் கரும்புக்குக் களையெடுக்கப் போயிருந்தார்கள். பக்கத்துத் தெருவில் இருந்த ராசாங்கத்தின் அக்கா காத்தாயி மட்டும் கத்தியோடு வந்தாள். மலர்க்கொடி, காத்தாயி, ராசாங்கம் மூன்று பேரும் குவியலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஈர மண்வாடையோடு வெங்காய நெடி கண்ணைக் கரித்தது. கொஞ்ச நேரத்தில் நான்காவதாக ஒரு கத்தி சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தது.

"பாப்பா, உள்ள போ" என்றான் ராசாங்கம்.

"மழை வருதுப்பா." தொண்டை பாதி திறந்திருந்தது. "நனைஞ்சா அழுகிரும்."

இத்தனை நாள் பொய்யாக இருந்த வெங்காயம் இன்றைக்குப் பார்த்து மெய்யாகிவிட்டது. கடவுளே அவள் பக்கம் சேர்ந்துகொண்டு சாக்கு தயாரித்துக் கொடுக்கிறபோது ஒரு மனிதன் என்னதான் செய்வான்?

காத்தாயி தாளைக் கிள்ளிப் போட்டபடி மருமகளுக்கு ஆறுதல் சொன்னாள். "நாளைக்கிப் போய் நிக்கறதுக்கு நில்லு. வரலன்னா வுடு. இம்மாம் வேலையோட எந்தப் புள்ளதான் படிக்கும்? எல்லாம் நேரந்தான். ஒங்கப்பனுக்கு மட்டும் அன்னிக்கு மஞ்சக்காமாலை வராம இருந்தா இன்னிக்கு அவன் இன்ஸ்பெக்டரு. திருச்சி மைதானத்துல போலீசு வேலைக்கு ஓடப் போனவன், கண்ணு மஞ்சளாட்டம் வந்து எறங்கினான். அது ஒங்கப்பன் தப்பா?"

இருபத்து மூன்று வருடமாக அந்தக் காமாலை அந்த வீட்டில் இருந்தது. பெண் பார்க்கப் போனபோது மலர்க்கொடியின் அப்பாவிடம் அதைச் சொல்லித்தான் ராசாங்கத்துக்கு மதிப்பு. கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலையோடு அதுவும் வரும். ராசாங்கம் கத்தியைக் கீழே வைத்தான்.

"அக்கா, எனக்குக் காமாலை வரல."

"என்னாடா?"

"காமாலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒடம்பு கல்லு மாதிரி இருந்துச்சு. ஓடினேன். மூணாவது சுத்துல எல்லாரும் என்னைத் தாண்டிப் போயிட்டானுவ. கடைசி சுத்து ஓடாமலே பக்கவாட்டு கேட்டு வழியா வெளிய வந்துட்டேன். பஸ்ஸுல வர்றப்ப என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன். வூட்டுக்கு வந்து, கண்ணு மஞ்சளா இருக்கான்னு ஒன்கிட்ட கேட்டேன். நீ பாத்துட்டு ஆமாம்னு சொன்ன."

காத்தாயியின் கை நின்றுவிட்டது. "இருந்துச்சேடா. நான் பாத்தனே."

"நான் கேட்டதால பாத்த."

"இருபத்தொரு நாளு," என்றாள் காத்தாயி மெதுவாக. "கருக்கல்ல எழுந்திரிச்சு வரப்பு வரப்பா போயி கீழாநெல்லி பறிச்சு, அரைச்சு, ஆட்டுப்பால் வாங்கிக் கலக்கி... உப்பில்லாத சோறு தின்னியேடா இருபத்தொரு நாளு."

"தின்னேன். என்னா பண்றது?"

ஒரு வெங்காயம் பறந்துவந்து அவன் நெற்றியில் பட்டது. அடுத்தது தோளில். அக்கா குறி தவறாதவள். மலர்க்கொடி வெங்காயம் எறியவில்லை. "அப்ப எங்கப்பாகிட்ட சொன்னது?" என்று மட்டும் கேட்டாள். கேட்ட விதத்துக்கு வெங்காயமே தேவலை.

இவ்வளவும் யாருக்காகச் சொன்னானோ அந்தப் பெண் தலையைத் தூக்கவே இல்லை. தாள், வேர், கூடை. தாள், வேர், கூடை. ராசாங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் இருந்த ஒரே கௌரவத்தைத் தூக்கிக் கொடுத்தாயிற்று. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. மேடம் சொல்கிறதெல்லாம் படிக்கத்தான் நன்றாக இருக்கும் போல. அப்புறம் மழை வந்துவிட்டது. நான்கு பேரும் பேசாமல் கூடை கூடையாகச் சுமந்து பட்டறையில் கொட்டித் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். கால்வாசி நனைந்துதான் போயிற்று. சத்யப்பிரியா கைகால் கழுவிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். முணுமுணுவென்று குரல் கேட்டது. படிக்கிறாளா, அப்பனைத் திட்டுகிறாளா என்று ராசாங்கத்துக்குப் பிடிபடவில்லை.

சனிக்கிழமை பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறினார்கள். பேரளி தாண்டுவதற்குள் ஏதாவது ஒரு வலி ஏறிவிடும் என்று ராசாங்கம் எதிர்பார்த்துக்கொண்டே வந்தான். ஏறவில்லை. சிமெண்டு லாரிகளின் புழுதிக்கு ஜன்னலைச் சாத்தினாள், காகிதத்தைப் பிரித்தாள், மடித்தாள். விரலெல்லாம் வெங்காயக் கறை.

நாற்பத்து மூன்று பெண்கள் வந்திருந்தார்கள். பெற்றோரை உள்ளே விடவில்லை. ராசாங்கம் எதிரே டீக்கடையில் நான்கு டீ குடித்தான். பன்னிரண்டரைக்கு அவள் வெளியே வந்தாள்.

"என்னாச்சு பாப்பா?"

"ரெண்டு நிமிசம் பேசினேன். அப்புறம் மறந்துருச்சு. சும்மா நின்னேன்."

"எவ்வளவு நேரம்?"

"ரொம்ப நேரம். நடுவுல இருந்த சார் கேட்டாரு, ஒடம்பு சரியில்லையாம்மா, வேணும்னா கடைசியா வந்து பேசறியான்னு."

ராசாங்கத்தின் மனசு துள்ளியது. "நல்ல மனுசன். நீ என்ன சொன்ன?"

"நல்லாத்தான் இருக்கேன் சார், பயமா இருக்குன்னு சொன்னேன். அப்புறம் ஞாபகம் இருந்தத மட்டும் பேசி முடிச்சேன்."

அவன் ஐந்தாவது டீக்குச் சொன்னான். குடிக்க வாய் வரவில்லை.

நான்கு மணிக்குப் பட்டியலை ஒட்டினார்கள். பத்துப் பெயர்களில் அவள் பெயர் இல்லை. அவள் நேராக மேசையில் இருந்த அம்மாவிடம் போனாள். "நான் எத்தனாவதுங்க?" என்று கேட்டாள். கதவுக்குப் பின்னால் தலையாட்டுகிற பெண் கேட்டது அது. அந்த அம்மா தாளைப் புரட்டி, பதினேழு என்றார்.

பஸ் நிலையம் வரைக்கும் பதினேழைத் தூக்கிக்கொண்டு ஒழுங்காக நடந்துவந்தாள். சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்ததும் உடைந்துவிட்டாள். சத்தமாக, நான்கு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி.

ராசாங்கம் ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தான். நேற்று மழை மட்டும் வராமல் இருந்திருந்தால், என்று தொடங்கி விழுங்கினான். அவர்களெல்லாம் டவுன் பிள்ளைகள், என்று தொடங்கி விழுங்கினான். அந்தத் தொண்டையோடு நீ பேசியதே பெரிசு, அதையும் விழுங்கினான். தனக்குத் தெரிந்த ஆறுதல் எல்லாமே சாக்குகள்தான் என்பது நாற்பத்தைந்து வயதில், அரியலூர் பஸ் நிலையத்தில், மகள் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்போது அவனுக்குத் தெரிந்தது. போன் அடித்தது. மலர்க்கொடி. எடுத்தான்.

"ஆகல."

"அதான் நேத்தே சொன்னனே, மழையில நனைய..."

"மழையெல்லாம் இல்ல. பதினேழாவது. அவ்வளவுதான்."

"பதினேழா? ஊருல கேட்டா நான் என்னான்னு சொல்றது?"

"பதினேழுன்னு சொல்லு" என்றான். அவள் வைத்துவிட்டாள். வீட்டுக்குப் போனால் இருக்கிறது.

திண்டின் மறுகோடியில் நடுவயதுப் பெண்பிள்ளை ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஆண்டிமடம் போகிறவள், காலடியில் இரண்டு கட்டைப்பை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நகர்ந்து வந்தாள்.

"ஏம் பாப்பா இப்படி அழுவுற? ஒடம்புக்கு முடியலியா?"

"ஒடம்பெல்லாம் நல்லாத்தாங்க இருக்கு" என்றாள் சத்யப்பிரியா, விக்கலுக்கு நடுவே. "போட்டியில தோத்துட்டேன்."

"படிக்காம போயிட்டியா?"

"படிச்சிட்டுத்தாங்க போனேன்."

அந்தப் பெண்பிள்ளை ராசாங்கத்தைப் பார்த்தாள். ராசாங்கம் பஸ் நேரம் எழுதிய பலகையைப் பார்த்தான். கொஞ்சம் யோசித்துவிட்டு, பையைத் தன் பக்கம் இழுத்து இடம் விட்டு உட்கார்ந்துகொண்டு அவள் சொன்னாள்.

"அப்பன்னா அழுவு, தாயி. பஸ்ஸு வர இன்னும் கால்மணி நேரம் இருக்கு."

பஸ் முக்கால்மணி நேரம் கழித்துத்தான் வந்தது. ராசாங்கம் அதுவரை மகளுக்குப் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த வேலைக்கு முன்னால் வெங்காயம் பிடுங்குவதெல்லாம் ஒரு வேலையே இல்லை.